விவசாயிக்கு ஆப் செய்யுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளா, தங்கச்சிகளா, வணக்கம்ப்பா.

சென்னையிலயும் பெங்களூர்லயும் கோயம்புத்தூர்லயும் உக்காந்து விவசாயிக்குனு ஆப் தயார் பண்ணிட்டு இருக்குற எல்லாருக்கும் சேத்து தான் இத எழுதுறேன், தனியா ஒரு கம்பெனிய சொல்லல, ஏன்னா இத்தன வருஷத்துல எங்க பக்கம் வந்துட்டு போன எல்லாரும் பேசுனது ஒரே வசனம் தான். "அக்கா, உங்களுக்கு மார்க்கெட் ரேட் தெரியாததால தான் இடைத்தரகர் உங்கள ஏமாத்துறாங்க, எங்க ஆப்ல ரேட் பாத்துட்டீங்கனா அப்புறம் யாரும் ஏமாத்த முடியாது." டீசர்ட்ல கம்பெனி பேரு, கையில ஒரு டேப்லட்டு, போறப்போ ஆளுக்கொரு தொப்பி குடுத்துட்டு போவீங்க. தொப்பி நல்லா தான் இருக்கு, தக்காளி பறிக்கறப்போ போட்டுக்குறோம். வசனம் தான் சரியில்ல.

எங்க ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம். தக்காளி, முருங்கை, கத்திரி, வெண்டை எல்லாம் போடுறோம். இங்க இருந்து காய் பெரும்பாலும் கேரளாவுக்கு தான் லாரி ஏறுது, ஓணம் வந்தா ரேட் ஏறும், அங்க மழை பிச்சுக்கிட்டு ஊத்துனா இங்க ரேட் படுத்துரும், இதெல்லாம் எங்க வீட்டு சின்ன புள்ளைக்கு கூட தெரியும். இன்னைக்கு மார்க்கெட்ல தக்காளி பெட்டி எவ்ளோ போச்சு, உடுமலையில எவ்ளோ, கோயம்பேட்டுல எவ்ளோனு வாட்சப் குரூப்ல காலையிலயே வந்துரும். அது போக அரசாங்கமே 2018ல உழவன் ஆப் விட்டாங்க, அதுலயும் ரேட் வருது. விவசாயி போன் போட்டு சந்தேகம் கேக்குற கிசான் கால் சென்டர் 2004ல இருந்து இருக்கு. ரேட்டு தெரியாம ஒருத்தரும் இங்க தவிக்கல. பெட்டி 50 ரூபானு தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது, பழுத்தத திரும்ப செடியில ஒட்டவா முடியும்?

கணக்கு சொல்றேன் கேளுங்க. பெட்டிக்கு 14 கிலோ. 50 ரூபா போச்சுனா கிலோ மூணரை ரூபா. அதுல பறிக்கிற கூலி, வண்டி வாடகை, ஏத்துக்கூலி இறக்குக்கூலி, நூத்துக்கு பத்து கமிஷன். இவ்ளோவும் போனா கையில நிக்கிறது ஒண்ணும் இல்ல, சில நாள் நாம தான் மேல போட்டு குடுக்கணும். அப்போ தான் நீங்க டிவில பாக்குற மாதிரி ரோட்டோரம் கொட்டுறாங்க. 2023 ஜூலையில இதே தக்காளி சென்னையில கிலோ 100 ரூபாய தாண்டி போயி அரசாங்கம் ரேசன் கடையில வச்சு 60 ரூபாய்க்கு வித்தாங்கல்ல, அந்த நேரம் தோட்டத்துல காய் வச்சிருந்தவங்க எத்தன பேரு? ரேட் இருக்கறப்போ காய் இருக்காது, காய் இருக்கறப்போ ரேட் இருக்காது, இது எந்த ஸ்க்ரீன்ல காட்டுனாலும் அப்படியே தான இருக்கும்.

நான் ஏதோ படிக்காதவ வெறுப்புல பேசுறேன்னு நினைச்சுடாதீங்க. எங்க மகளிர் குழுவுல நாங்க இத பத்தி நெறைய பேசியிருக்கோம், என் தம்பி மகன் பொருளாதாரம் படிக்கிறான், அவன் சில ஆய்வுகள எடுத்து தமிழ்ல சொன்னான். அதுல நீங்க எல்லாருமே உங்க ப்ரசன்டேசன்ல போடுற கேரளா மத்தி மீன் கதையும் வந்துச்சு. நல்ல கதை, நிஜக் கதை, ஆனா நீங்க பாதி தான் சொல்றீங்க.

1997ல கோழிக்கோடு பக்கம் செல்போன் டவர் வந்துச்சு, 1998ல கண்ணூர், 2000த்துல காசர்கோடு. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார நிபுணர் டவர் வர்றதுக்கு முன்னயும் வந்த பின்னயும் கடலோர மீன் சந்தைகள்ல வாரா வாரம் விலைய எழுதி வச்சாரு. டவர் வர்றதுக்கு முன்ன, 1997 ஜனவரி 14 காலையில வடகரை கரையில 11 மீன்காரங்க வாங்க ஆள் இல்லாம மீன கொட்டிட்டு போயிருக்காங்க, அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள்ள இருந்த மத்த சந்தைகள்ல 27 பேரு வாங்க மீன் இல்லாம வெறுங்கையோட கெளம்பிட்டு இருந்தாங்க. படிச்சப்போ வயிறு எரிஞ்சது எனக்கு. போன் வந்த பிறகு கடல்ல இருந்தே கூப்பிட்டு எங்க ஆள் நிக்குதுனு கேட்டுட்டு படக அந்த கரைக்கு திருப்புனாங்க. கொட்டுறது நின்னு போச்சு, மீன்காரங்க லாபம் 8 சதவீதம் கூடுச்சு, வாங்கி திங்கறவங்களுக்கும் விலை 4 சதவீதம் குறைஞ்சது. இது வரைக்கும் நீங்க சொல்றீங்க.

சொல்லாத பாதி இது. படகுக்கு ஸ்டியரிங் மீன்காரர் கையில இருந்துச்சு. மீன் ஏற்கனவே படகுல தான் கெடக்கு, இந்த கரைக்கு போனாலும் அந்த கரைக்கு போனாலும் கொஞ்சம் டீசல் தான் வித்தியாசம், அந்த கரையில நிக்கிற ஆளு கையில காசோட நிக்கிறான். அதோட போன்ல அவர் பாத்தது ரேட் பட்டியல் இல்ல. ஒரு மனுசன்கிட்ட பேசுனாரு, "எனக்கு இவ்ளோ மீன் இருக்கு, எடுத்துக்கிறியா"னு கேட்டாரு, அந்தாளு "வா"ன்னான். அந்த "வா" இல்லாம வெறும் ரேட்டு மட்டும் போன்ல வந்திருந்தா படகு எந்த பக்கம் திரும்பியிருக்கும்?

ரேட்ட மட்டும் அனுப்பி பாத்த கதையும் இருக்கு, அத ஏனோ யாரும் ஸ்லைடுல போடறதில்ல. மகாராஷ்டிராவுல 2007ல இருந்து ராய்ட்டர்ஸ் கம்பெனி விவசாயிக்கு எஸ்எம்எஸ்ல விலை, வானிலை, பயிர் யோசனை எல்லாம் அனுப்புனாங்க. ஃபாஃப்ஷாம்ப்ஸ், மின்டன்னு ரெண்டு ஆய்வாளருங்க 100 கிராமத்த எடுத்து, சில ஊருக்கு அந்த சேவைய இலவசமா குடுத்து, மத்த ஊருக்கு குடுக்காம வச்சு ஒப்பிட்டு பாத்தாங்க, தக்காளி வெங்காயம் எல்லாம் அதுல இருந்துச்சு. 2012ல முடிவு வெளியாச்சு. எஸ்எம்எஸ் வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் கைக்கு வந்த விலையில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. மேற்கு வங்காளத்துல உருளைக்கிழங்குக்கு 72 கிராமத்துல இதே மாதிரி, சில ஊர்ல போன்லயும் சில ஊர்ல போர்டுலயும் மொத்த விலைய சொல்லி பாத்தாங்க, அங்கயும் சராசரியா விலை ஏறல. ஏன்னு பாத்தா அங்க சின்ன விவசாயி பெரிய மார்க்கெட்டுக்கு நேரா போயி விக்க முடியாது, ஊருக்குள்ள வர்ற வியாபாரிக்கு தான் போடணும். மார்க்கெட்ல என்ன விலைனு தெரிஞ்சு அவன்கிட்ட கோவிச்சுக்கலாம், அவ்ளோ தான்.

மத்தியப் பிரதேசத்துல சோயா கதை வேற. 2000த்துல ஐடிசி காரங்க இ சௌபால்னு ஊர்ல கம்ப்யூட்டர் வச்சாங்க, விலையும் போட்டாங்க, கூடவே "இந்த விலைக்கு நாங்களே எடுத்துக்குறோம், எங்க கிடங்குக்கு கொண்டா"னு எடை மிசினோட நின்னாங்க. அதனால கம்பெனிக்கு விக்காம மண்டிக்கு போனவங்களுக்கும் சேத்து விலை 1 முதல் 3 சதவீதம் ஏறுச்சுனு அபராஜிதா கோயலோட ஆய்வு சொல்லுது. ஏறுனது கொஞ்சம் தான், ஆனா ஏறுச்சு, ஏன்னா மண்டிக்காரருக்கு இன்னொரு ஆள் வந்துட்டான்னு பயம் வந்துச்சு. அதோட சோயா ஒரு வாரம் வீட்டுல கெடக்கும், தக்காளி கெடக்குமா?

இப்போ எங்க கமிஷன் கடைக்காரர பத்தி சொல்லணும். உங்க ப்ரசன்டேசன்ல அவரு எப்பவும் வில்லன், தொப்பையும் மீசையுமா ஒரு கார்ட்டூன் போட்டிருப்பீங்க. எனக்கும் அவரு மேல கோவம் உண்டு, எடையில கை வைக்கிறது, சூட்டு காய்னு சொல்லி பெட்டிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறது, ஏலத்துல கேக்குற ஆளுங்க தங்களுக்குள்ள கண்ணு காட்டிக்கிறது எல்லாம் நாங்க பாத்துட்டு தான் இருக்கோம். ஆனா நாத்து வாங்க, கம்பு நட்டு கம்பி கட்ட, சொட்டு நீர் பைப் மாத்த முன்பணம் குடுக்குறது அவரு. பத்திரம் கேக்க மாட்டாரு, சிபில் ஸ்கோர் கேக்க மாட்டாரு. மாமியார ராத்திரி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனப்போ பதினோரு மணிக்கு போன எடுத்தாரு, கடைப்பையன் கிட்ட பணம் குடுத்து விட்டாரு. அதுக்கு பதிலா காய அவரு கடையில தான் போடணும், அது எழுதாத ஒப்பந்தம். வட்டி தனியா வாங்க மாட்டாரு, விலையில எடுத்துக்குவாரு. இது சுரண்டல் தான், யாரு இல்லனு சொன்னது, ஆனா இந்த சுரண்டல்ல ராத்திரி போன எடுக்குற ஒரு ஆளு இருக்காரு. உங்க ஆப்ல புகார் குடுத்தா டிக்கெட் நம்பர் வருது.

நீங்க போட்டி போடுறது எங்க அறியாமையோட இல்லப்பா, அந்த முன்பணத்தோடயும் அந்த போனோடயும் தான். இது புரியாத வரைக்கும் உங்க ஆப்ப நாங்க இன்ஸ்டால் பண்ணுவோம், தொப்பி வாங்குவோம், மறுநாள் காய அதே கடையில தான் எறக்குவோம்.

நேரடி கொள்முதல்னு ஒரு கம்பெனி வந்துச்சு, பேரு வேண்டாம். ஊருக்கு பக்கத்துலயே சென்டர் போட்டாங்க, எலக்ட்ரானிக் தராசு, கமிஷன் கெடையாது, பணம் நேரா பேங்க்ல. எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோசம், பல பேரு கமிஷன் கடைய பகைச்சுக்கிட்டு அங்க போட்டாங்க. முதல்ல எல்லா காயும் எடுத்தாங்க, அப்புறம் ஒரே சைஸ் ஒரே கலர் மட்டும் தான்னாங்க, மீதிய நாங்க தனியா வண்டி புடிச்சு மார்க்கெட்டுக்கு கொண்டு போகணும், நல்ல காய பொறுக்கிட்டு வந்த மீதிக்கு அங்க யாரு விலை கேப்பா? வரத்து அதிகமாகி ரேட் விழுந்த வாரத்துல ஆப்ல "இன்று தேவை இல்லை"னு வந்துச்சு. செடியில பழுத்து தொங்குது, இன்று தேவை இல்லையாம். போன் பண்ணா நாங்க பேசுன பையன் வேற கம்பெனிக்கு போயிட்டான். திரும்ப கமிஷன் கடைக்கு போனோம், அவரு திட்டல, "வாங்க வாங்க"னு சிரிச்சாரு பாருங்க, அதுக்கு திட்டியிருக்கலாம்.

ரிசர்வ் வங்கி ஆய்வு ஒண்ணு 2024 அக்டோபர்ல வந்துச்சு, தக்காளிக்கு வாங்கறவங்க குடுக்குற ஒரு ரூபாயில விவசாயிக்கு 33 பைசா தான் வருதுனு, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. உடனே நீங்க மீதி 67 பைசாவையும் இடைத்தரகர் தின்னுட்டாருனு ஸ்லைடு போடுவீங்க. அதுல அழுகிப்போறது இருக்கு, லாரி வாடகை டீசல் இருக்கு, சில்லறை கடைக்காரர் வாடகை கரண்ட் இருக்கு. உங்க ஆப் வந்தா அழுகாம இருக்குமா, லாரி சும்மா ஓடுமா? உங்க ஆபீஸ் வாடகையும் உங்க முதலீட்டாளர் லாபமும் அதே 67ல இருந்து தான வரணும், அதையும் கொஞ்சம் சொல்லிட்டு போங்களேன்.

அடுத்தது பதிவு பண்ற சமாச்சாரம், இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது. ஆப்ப திறந்ததும் ஆதார் கேக்குது, பட்டா நம்பர் கேக்குது, சர்வே நம்பர் கேக்குது. எங்க ஊர்ல காய்கறி போடுறவங்கள்ல குத்தகைக்கு ஓட்டுறவங்க நெறைய பேரு. வாய்ப்பேச்சு குத்தகை, எழுத்துல ஒண்ணும் இருக்காது, எழுதி குடுத்தா நிலம் போயிடும்னு நிலத்துக்காரருக்கு பயம். அவங்க எந்த பட்டாவ காட்டுவாங்க? பொம்பளைங்க நாங்க தான் பாதிக்கு மேல வேலை பாக்குறோம், நிலம் இருக்குறது வீட்டுக்காரர் பேர்லயோ இல்ல செத்துப்போன மாமனார் பேர்லயோ. உங்க ஆப் பிரகாரம் நான் விவசாயியே கெடையாது. ஓடிபி வர்ற நம்பரோ திருப்பூர் பனியன் கம்பெனில வேலை பாக்குற மகன் கையில இருக்கு, அவன் ஷிப்ட்ல இருப்பான், அவன் பாத்து சொல்றதுக்குள்ள உங்க ரெண்டு நிமிசம் முடிஞ்சிரும். பொண்ணுங்க பேர்ல எத்தன பேரு பதிவு பண்ணாங்கனு வருசா வருசம் பெருமையா போடுறீங்க, அந்த போன் யாரு பாக்கெட்ல இருக்குனு ஒரு தடவ கேட்டு பாருங்க.

இப்படி குறை மட்டும் சொல்றானு நினைக்காதீங்க, உருப்படியா நடந்ததும் இருக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1998ல புதுச்சேரி பக்கம் கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சாங்க. முதல்ல ஊர்ல போயி உங்களுக்கு என்ன தெரியணும்னு கேட்டாங்க. வீராம்பட்டினத்து மீனவங்களுக்கு ரேட் பெருசா வேணாம், கடல்ல அலை எவ்ளோ ஒசரம் வரும்னு தெரியணும், போனா உயிரோட திரும்பணும்ல. அமெரிக்க கடற்படை வெப்சைட்ல அந்த தகவல் சும்மா கெடந்துச்சு, அத எடுத்து தமிழ்ல மைக்ல சொன்னாங்க. ஆப் இல்ல, லாகின் இல்ல, ஒலிபெருக்கி. கரையில வலை சரிபண்ணிட்டு இருக்குறவருக்கும் கேக்கும், எழுதப்படிக்க தெரியாத ஆயாவுக்கும் கேக்கும். 2004 சுனாமி அன்னைக்கு நல்லவாடு ஊர்ல சிங்கப்பூர்ல இருந்து ஒரு பையன் டிவில பாத்துட்டு வீட்டுக்கு போன் பண்ணான், அந்த மையத்து மைக்ல அறிவிச்சாங்க, ஊர் சனம் ஓடி தப்பிச்சது. ஊருக்கு நடுவுல எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துல மைக் இருந்துச்சு, அதுல சொன்னா நம்பலாம்னு பழக்கம் ஆகியிருந்துச்சு, அந்த நேரத்துல வேற என்ன வேணும்?

கென்யாவுல செல்போன்லயே காசு அனுப்புற எம்பெசானு ஒண்ண 2007ல சஃபாரிகாம்ங்கற போன் கம்பெனி ஆரம்பிச்சாங்கல்ல, அதையும் நீங்க அடிக்கடி சொல்வீங்க. அது பட்டன் போன்லயே ஓடுச்சு. நைரோபில வேலை பாக்குறவங்க ஊருக்கு காசு அனுப்புறது அதுக்கு முன்னயும் நடந்துட்டு தான் இருந்துச்சு, பஸ் டிரைவர் கிட்ட குடுத்து விடுவாங்க, சில சமயம் பாதி வழியில காணாம போகும். அந்த அவஸ்தைய புடிச்சுக்கிட்டாங்க. அதோட மெசேஜ காட்டுனா நோட்டா மாத்தி குடுக்க ஊருக்குள்ள பொட்டிக்கடையில ஒரு ஏஜென்ட் உக்காந்திருந்தாரு. நீங்க அந்த ஏஜென்ட விட்டுட்டு மெசேஜ மட்டும் காப்பி அடிக்கிறீங்க, ஏன்னா ஏஜென்டுக்கு சம்பளம் குடுக்கணும், மெசேஜுக்கு குடுக்க வேணாம்.

நம்ம ஊர்லயே உழவர் சந்தை இருக்கே, 1999 நவம்பர் 14 மதுரையில ஆரம்பிச்சது. கடைக்கு வாடகை இல்ல, தராசு அவங்களே குடுப்பாங்க, கமிஷன் இல்ல, அன்னைய விலைய போர்டுல எழுதி வைப்பாங்க. அந்த போர்டும் தகவல் தொடர்பு தான், ஆனா அதுக்கு எதுக்க பையோட வாங்க நிக்கிற சனமும் இருக்கு, அதனால அந்த நம்பருக்கு மதிப்பு. குறை அங்கயும் உண்டு, விவசாயி கார்டு வாங்கிட்டு வியாபாரி உக்காந்திருப்பாரு, அஞ்சு பெட்டி விக்கலாம், அம்பது பெட்டி அங்க விக்க முடியாது. 2016ல ஏப்ரல் 14 அன்னைக்கு இ நாம்னு ஆன்லைன் ஏலச் சந்தை ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க ஒரே சந்தைனு. பருத்தி மஞ்சள் நிலக்கடலைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல வச்சு, ரேட் ஏறட்டும்னு அந்த சரக்க ஈடா வச்சு பொருளீட்டுக் கடன் வாங்கிட்டு காத்திருக்கலாம், அது நல்ல ஏற்பாடு. தக்காளிக்காரிக்கு அது ஆகாது, அத விடுங்க.

அப்போ என்ன தான்க்கா வேணும்னு கேப்பீங்க. ரேட் விழுற வாரத்துலயும் எடுக்குற ஆள் வேணும். கிலோவுக்கு இத்தனைக்கு கீழ போகாதுனு முன்னாடியே எழுத்துல குடுங்க, ரேட் ஏறுனப்போ அதுக்காக கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கங்க, நாங்க சண்டைக்கு வர மாட்டோம், எங்களுக்கு 150 ரூபா கனவு இல்ல, பறிக்கிற கூலியாவது வந்துருமாங்கற பயம் தான். சைஸ் சரியில்லாத காயையும் வேற விலைக்கு எடுங்க, சாஸ் கம்பெனிக்கு குடுப்பீங்களோ என்ன பண்ணுவீங்களோ அது உங்க சாமர்த்தியம். நாத்து வைக்கறப்போ முன்பணம் குடுங்க, அது குடுக்காத வரைக்கும் கமிஷன் கடை கயிறு எங்க கழுத்துல தான். பணம் அன்னைக்கே வரணும், மூணு நாள்னா முடியாது, பறிக்க வந்தவங்களுக்கு சாயங்காலம் கூலி குடுத்தாகணும். பட்டா இல்லாதவங்கள ஊர்ல ரெண்டு பேரு சொன்னா சேத்துக்கங்க, எங்க மகளிர் குழு அப்படி தான் கடனே குடுக்குது, பணம் ஒழுங்கா திரும்பி வருது. அப்புறம் போன எடுக்க எங்க ஊர் ஆள் ஒருத்தர சம்பளத்துக்கு வைங்க, பன்னெண்டாவது படிச்சுட்டு வீட்டுல இருக்குற பொண்ணுங்க எத்தன பேரு இருக்காங்க, அவங்களுக்கு எந்த தோட்டத்துல எது எப்போ பழுக்கும்னு உங்க சேட்டிலைட்ட விட நல்லா தெரியும்.

இதெல்லாம் செலவு பிடிக்கிற வேலை, முதலீட்டாளர் ஒத்துக்க மாட்டாருனு உங்கள்ல ஒரு தம்பி நேராவே சொன்னான், உண்மைய சொன்னானேனு எனக்கு அவன் மேல மரியாதை தான். அப்படினா ஆப்ப ஆப்னு சொல்லி வில்லுங்க, இடைத்தரகர ஒழிக்கிறோம்னு மட்டும் மேடையில பேசாதீங்க, அவரு சாயங்காலம் எங்க ஊர் டீக்கடையில உக்காந்து அந்த வீடியோவ பாத்து சிரிக்கிறாரு.

அடுத்த தடவ வர்றதா இருந்தா வரத்து அதிகமா இருக்குற நேரமா பாத்து வாங்க, ரேட் இருக்குற நேரத்துல இல்ல. கூட கொள்முதல் முடிவு பண்ற ஆள கூட்டிட்டு வாங்க, ட்ரெயினிங் குடுக்குற பையன மட்டும் அனுப்பாதீங்க, அவன கேட்டா அவனுக்கு ஒண்ணும் தெரியாது பாவம். குறைஞ்சபட்ச விலை, கழிவு எத்தன சதவீதம், பணம் எந்த நேரம், இந்த மூணும் ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி கையெழுத்து போட்டு கொண்டு வாங்க. எங்க குழு செவ்வாக்கிழமை கூடும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க, பகல்ல வந்தா வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். தொப்பி இன்னும் நாலு கெடந்தா அதையும் எடுத்துட்டு வாங்க, பழசு கிழிஞ்சு போச்சு.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தக்காளிக்காரி